அடி இருக்கட்டும், மூச்சு இருக்கா? யுஎஃப்சி 5-ஐப் புதிதாகத் தொடுபவர்களுக்கு

பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டு பிஎஸ்5 கேம் கன்சோலில் எத்தனையோ கேம்கள் வந்து போயிருக்கின்றன. கால்பந்து, கார் பந்தயம், துப்பாக்கிச் சண்டை எல்லாம் உண்டு. ஆனால் அதுவரை கன்ட்ரோலரையே பிடிக்காத ஒருவர் உட்கார்ந்து, நன்றாக அடிவாங்கித் தோற்று, அப்புறமும் "சரி, இன்னொரு ஆட்டம் போடு" என்று தானாகக் கேட்பது யுஎஃப்சி 5-இல்தான் அதிகம் நடக்கிறது. இத்தனைக்கும் புதியவர்களை விரட்டியடிக்க வேண்டிய கேம் அது. குத்து, உதை, கட்டிப்பிடித்தல், தரையில் உருட்டுதல், கழுத்தை நெரித்தல், கையை முறுக்குதல் என்று மிக்ஸ்டு மார்ஷியல் ஆர்ட்ஸில் (எம்எம்ஏ) உள்ள அத்தனையும் அதில் இருக்கிறது. பட்டன் பட்டியலைத் திறந்தால் ஸ்க்ரோல் செய்துகொண்டே போகவேண்டும்.

ஏன் ஒட்டிக்கொள்கிறார்கள்? தோற்றவருக்கு ஏன் தோற்றோம் என்பது இதில் கண்ணுக்குத் தெரிகிறது, அதனால்தான் என்று நினைக்கிறேன். கால்பந்து கேமில் கோல் விழுந்தால் புதியவருக்கு ஒன்றும் புரிவதில்லை. மைதானத்தில் இருபத்திரண்டு பேர் ஓடுகிறார்கள். தன் ஆள் யாரென்று தேடுவதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. இங்கே இரண்டே பேர். தொடை சிவந்து தடித்திருக்கிறது. புருவத்துக்கு மேலே வெட்டு. ஆள் வாய் பிளந்து மூச்சு வாங்குகிறான். எங்கே அடி விழுந்தது, எதனால் களைத்தான் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. அடுத்த ஆட்டத்தில் எதை மாற்ற வேண்டும் என்று அவர்களுக்கே தோன்றிவிடுகிறது.

கொஞ்சம் பூர்வீகம் சொல்லிவிடுகிறேன். எம்எம்ஏ சண்டைகளை நடத்தும் யுஎஃப்சி அமைப்பின் முதல் போட்டி 1993 நவம்பரில் டென்வரில் நடந்தது. தன்னைவிடப் பெரிய ஆட்களைத் தரையில் மடக்கி ராய்ஸ் கிரேசி ஜெயித்த கதை பலருக்கும் தெரிந்திருக்கும். யுஎஃப்சி-யை வைத்து 2009-இல் டிஎச்கியூ நிறுவனம் வெளியிட்ட அன்டிஸ்பியூட்டட் என்ற கேம் நல்ல பெயர் வாங்கியது. பிறகு உரிமை இஏ ஸ்போர்ட்ஸ் கைக்குப் போனது. அவர்களின் முதல் யுஎஃப்சி கேம் 2014-இல் வந்தது, அதில் புரூஸ் லீயையும் வைத்திருந்தார்கள். அடுத்தடுத்து 2016, 2018, 2020 என்று வந்து, ஐந்தாவது 2023 அக்டோபர் 27-இல் வந்தது. பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் இரண்டுக்கும் மட்டும்தான். கம்ப்யூட்டருக்குக் கிடையாது. எஸ்.பி. ரோட்டில் கிராஃபிக்ஸ் கார்டு விலை விசாரித்துக்கொண்டிருக்கும் நண்பர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள், இந்த கேமுக்காக அந்தச் செலவு வேண்டாம்.

முதல் ஐந்து நிமிடத்தில் புதியவர்களைப் பிடித்து உட்காரவைப்பது அந்த நான்கு பட்டன்கள்தான். சதுரம் முன் கை, முக்கோணம் பின் கை, எக்ஸ் முன் கால், வட்டம் பின் கால். உடம்பில் நான்கு உறுப்பு, கன்ட்ரோலரில் நான்கு பட்டன். தெருமுனை கேம் பார்லரில் காசு கொடுத்து டெக்கன் 3 ஆடி வளர்ந்த தலைமுறைக்கு இது ஏற்கெனவே விரலில் இருக்கும், அதிலும் கிட்டத்தட்ட இதே வரிசைதான். ஆர்2-ஐ அழுத்திப் பிடித்தால் முகத்தை மறைத்துக்கொள்வார். இந்த ஐந்தும் தெரிந்தால் முதல் சண்டைக்குப் போதும். நான் யாருக்குச் சொல்லிக்கொடுத்தாலும் அதற்கு மேல் ஒரு பட்டனும் சொல்வதில்லை. கேட்டாலும் "அப்புறம்" என்று சொல்லிவிடுவேன்.

என் மச்சினன் எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கிறான். சில்க் போர்டு நெரிசலில் சிக்கி வருகிற எரிச்சல் எல்லாவற்றையும் முதல் நிமிடத்திலேயே கொட்டிவிட வேண்டும் என்று ஆடுவான். சதுரம், முக்கோணம், சதுரம், முக்கோணம் என்று கட்டைவிரல் சரவெடியாக வெடிக்கும். அந்த ஒரு நிமிடம் உண்மையிலேயே பயமாகத்தான் இருக்கும். நான் செய்வதெல்லாம் ஆர்2-ஐப் பிடித்துக்கொண்டு பின்னால் போய்க்கொண்டே இருப்பதுதான். அவனுடைய ஸ்டாமினா பட்டை, அதாவது ஆளுக்கு எவ்வளவு மூச்சு மிச்சம் என்று திரையில் காட்டும் கோடு, பாதியாகும், கால்வாசியாகும். பிறகு அவன் குத்து விட்டால் கை ஏதோ கடமைக்கு வரும். அந்த நேரத்தில் என்னிடமிருந்து ஒரே ஒரு நேர்க்குத்து தாடையில் விழுந்தால் ஆள் தள்ளாடிவிடுவார்.

"மாமா, பட்டன் வேலை செய்யல."

"பட்டன் நல்லாத்தான்டா இருக்கு. உன் ஆளுக்குத்தான் மூச்சு இல்ல."

இந்தக் கணக்கைப் புரிந்துகொண்டால் கேமில் பாதி வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு அடிக்கும் மூச்சு செலவாகிறது. காற்றில் போகிற அடிக்கு இன்னும் அதிகமாகச் செலவாகும். சும்மா விட்டு நகர்ந்தால் மூச்சு திரும்பி வரும், ஆனால் ரவுண்டு ஏற ஏற முழுசாகத் திரும்பாது. வயிற்றில் வாங்கும் அடி அதை இன்னும் குறைக்கும். அதனால் புதியவர்களுக்கு நான் சொல்லும் முதல் பயிற்சி ரொம்பச் சாதாரணமானது. இரண்டு குத்து, ஒரு எட்டு பின்னால், மூச்சைப் பார். மறுபடி இரண்டு குத்து. முகத்தைப் பார்க்காமல் பட்டையைப் பார்த்து ஒரு முழு சண்டை ஆடுங்கள். தோற்றாலும் பரவாயில்லை, மூன்றாவது ரவுண்டு வரை நின்றால் போதும்.

என் மனைவிக்கு இந்தக் கணக்கை யாரும் சொல்லித்தரவில்லை. சப்பாத்தி மாவு பிசைந்த கையைக் கழுவிவிட்டு வந்தாள், "குடு, என்னதான் இருக்குன்னு பாக்கறேன்" என்று தம்பிக்கு எதிரே உட்கார்ந்தாள். அவன் வழக்கம்போல விளாசினான். அவளுக்கு எது எந்த பட்டன் என்று நினைவில்லை. எக்ஸ் மட்டும் பிடிபட்டது. எக்ஸை மட்டும் தனியாகத் தட்டினால் தொடைக்குக் கீழே ஒரு உதை போகும். பெரிய அழகெல்லாம் இல்லை, விழுந்தால் பட்டென்று ஒரு சத்தம். அவள் அதையே செய்தாள். அவன் வந்தால் உதை, நின்றால் உதை, பின்னால் போனால் கொஞ்சம் முன்னால் வந்து உதை.

"அக்கா, அந்தக் காலையே உதைச்சிட்டு இருக்கியே, வேற ஒண்ணும் தெரியாதா?"

"தெரியாது. நீ காலை நகர்த்திக்கோ."

இரண்டாவது ரவுண்டில் அவன் ஆள் நொண்ட ஆரம்பித்தார். தலைக்கு ஒரு கணக்கு, உடம்புக்கு ஒரு கணக்கு, காலுக்கு ஒரு கணக்கு என்று கேம் தனித்தனியாக வைத்திருக்கிறது. காலின் கணக்கு தீர்ந்தால் நகர முடியாது, மேலும் அடி விழுந்தால் சண்டையே நின்றுவிடும். நின்றது. அவன் கன்ட்ரோலரைச் சோபாவில் போட்டுவிட்டு, இதெல்லாம் ஏமாற்று வேலை என்று ஆரம்பித்தான். ஏமாற்று ஒன்றும் இல்லை. நிஜ எம்எம்ஏ-விலும் காலை உதைத்து உதைத்தே சண்டையை முடித்தவர்கள் இருக்கிறார்கள். மாற்று என்னவென்றால், உதை கிளம்பும்போது பின்வாங்காமல் முன்னால் நுழைந்து நேர்க்குத்து விடுவது. ஒற்றைக் காலில் நிற்பவருக்குக் குத்து இரட்டிப்பாக விழும். அடுத்த வாரம் அவன் அதைச் செய்தான். அக்காவும் அதற்குள் வட்டத்தைக் கண்டுபிடித்துவிட்டாள் என்பது வேறு விஷயம்.

இன்னொரு இரவு அவளே கேட்டாள், "யாருமே விழல, நான் எப்படித் தோத்தேன்?" நல்ல கேள்வி. சாதாரணச் சண்டை ஐந்தைந்து நிமிடமாக மூன்று ரவுண்டு, பட்டத்துக்கான சண்டை ஐந்து ரவுண்டு. யாரும் விழாவிட்டால் மூன்று நடுவர்கள் ரவுண்டு ரவுண்டாக மார்க் போடுவார்கள். ஜெயித்தவருக்கு 10, மற்றவருக்குப் பெரும்பாலும் 9. எண்ணிக்கையைவிட எந்த அடி உறைத்தது என்பதற்குத்தான் மதிப்பு. துரத்திக்கொண்டே போவதற்கு மட்டும் மார்க் விழாது. இதைக் கேமில் தோற்றுத் தெரிந்துகொண்ட பிறகு, நிஜச் சண்டையைப் பார்க்கிற கண்ணே மாறிவிடுகிறது. அமெரிக்காவில் சனி இரவு நடக்கும் சண்டைகள் நமக்கு ஞாயிறு காலையில் வருகின்றன. இப்போது எங்கள் வீட்டில் இட்லிக்கு நடுவே "இந்த ரவுண்டு சிவப்பு மூலைக்காரருக்குத்தான்" என்று தீர்ப்பு சொல்வது என் மனைவிதான். நான் வாயைத் திறப்பதில்லை.

இனி கஷ்டமான பகுதி. புதியவர்கள் கன்ட்ரோலரைக் கீழே வைப்பது பெரும்பாலும் தரைச் சண்டையில்தான். நின்று அடிக்கும்போது எல்லாம் புரிகிறது. கீழே தள்ளப்பட்டதும் என்ன நடக்கிறது, யார் மேலே, எந்த பட்டன் எதற்கு என்று குழம்பிப்போய், "எனக்கு இது வேணாம்" என்று எழுந்துவிடுகிறார்கள்.

மாமனார் ஆம்பூரிலிருந்து வந்திருந்தபோது நடந்தது இது. அவருக்கு முகமது அலி என்றால் உயிர். 1980-இல் அலி சென்னைக்கு வந்து ஜிம்மி எல்லிஸுடன் காட்சிக் குத்துச்சண்டை ஆடியதும், அப்போது முதல்வராக இருந்த எம்.ஜி.ஆர். அவரை வரவேற்றதும் இன்றும் நேற்று நடந்ததாகச் சொல்வார். நேரில் பார்க்கவில்லை, பேப்பரில் வந்த படம்தான். யுஎஃப்சி 5-இல் அலியும் ஆடக்கூடிய வீரராக இருக்கிறார் என்று காட்டியதும், டீயைக் கீழே வைத்துவிட்டு, "குடுங்க மாப்பிள்ளை" என்றார். எதிரில் மச்சினன். அவன் எடுத்தது மல்யுத்தத்துக்குப் பேர்போன இஸ்லாம் மகச்சேவ். அப்பா என்றுகூடப் பார்க்கவில்லை. முதல் இருபது வினாடிக்குள் இடுப்பைப் பிடித்துத் தூக்கித் தரையில் போட்டுவிட்டான்.

"அலியைப் போய் யாராவது கீழ தள்ளுவாங்களாடா?" என்று மாமனார் கத்தியதில் கீழ்வீட்டு ஓனர் அம்மா கன்னடத்தில் என்ன ஆச்சு என்று கேட்டுக்கொண்டே படியேறி வந்துவிட்டார்.

தள்ளுவார்கள். 2010-இல் ஜேம்ஸ் டோனி என்ற பெரிய குத்துச்சண்டை சாம்பியன் யுஎஃப்சி-க்கு வந்தார். ராண்டி கூட்டூர் அவரை எடுத்த எடுப்பிலேயே காலைப் பிடித்துத் தரையில் தள்ளி, முதல் ரவுண்டிலேயே கழுத்தை நெருக்கி முடித்துவிட்டார். உலகத்தரக் கை இருந்தாலும், நின்றால்தானே குத்த முடியும். மாமனாரிடம் இதைச் சொன்னேன். சமாதானமாகவில்லை. ஆனால் அவர் கேட்டது சரியான கேள்வி: "அப்ப விழாம இருக்க என்ன பண்ணணும்?"

இதைத்தான் புதியவர்கள் எல்லாரும் முதலில் கேட்க வேண்டும். தரையில் என்ன செய்வது என்பதெல்லாம் அதற்குப் பிறகு. எதிராளி குனிந்து உள்ளே பாய்வது தெரிந்ததும் எல்2, ஆர்2 இரண்டையும் சேர்த்து அழுத்திப் பிடியுங்கள். அதுதான் தடுப்பு. எப்போதும் பிடித்துக்கொண்டே நிற்கலாமே என்று தோன்றும். நின்றால் முகம் திறந்துவிடும், கெட்டிக்காரன் பாய்வதாகப் பாவனை காட்டிவிட்டு மேலே குத்துவான். ஆகவே பார்த்துப் பிடிக்க வேண்டும். மூச்சு குறைவாக இருக்கும்போது தடுப்பும் பலவீனமாகும், மறுபடி அதே கணக்குத்தான்.

விழுந்தேவிட்டால் கிராப்பிள் அசிஸ்ட் என்ற வசதி உதவும். 2020-இல் வந்த நான்காவது கேமில்தான் அது அறிமுகமானது. இடது ஸ்டிக்கை ஒரு பக்கம் தள்ளினால் எழப் பார்ப்பார், இன்னொரு பக்கம் தள்ளினால் பூட்டு, அதாவது கழுத்தை நெரிக்கும் அல்லது கையை முறுக்கும் பிடி, போடப் பார்ப்பார், வேறொரு பக்கம் என்றால் அடிப்பதற்கு வசதியான இடத்துக்கு நகர்வார். கார்டு, ஹாஃப் கார்டு, சைடு கன்ட்ரோல், மவுன்ட் என்று நிலைகளின் பெயரை மனப்பாடம் செய்யாமலே எழுந்துவிடலாம். புதியவருக்குத் தரையில் ஒரே இலக்கு போதும்: எழு. பதறி உடனே எழப் பார்த்தால் தடுத்துவிடுவார்கள், அந்தத் தோல்விக்கும் மூச்சு போகும். கொஞ்சம் பொறுத்து, எதிராளி அடிக்க நிமிரும் நேரம் பார்த்து எழுங்கள். மாமனார் பொறுத்தார். ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தைய இரவு அலி தரையிலிருந்து எழுந்து, மகச்சேவின் தாடையில் ஒரு வலது விட்டார். அதற்குப் பிறகு நடந்ததை அவர் ஆம்பூர் வரை சொல்லிக்கொண்டே போயிருப்பார்.

பூட்டு விஷயத்தில் ஐந்தாவது கேம் புதியவர்களுக்கு ஒரு நல்லது செய்திருக்கிறது. நான்காவதில் கழுத்தை நெரிக்கும்போதும் கையை முறுக்கும்போதும் திரையில் தனியாகப் பட்டைகள் தோன்றும், அவற்றைத் துரத்த வேண்டும். சண்டையை விட்டுவிட்டு வேறு ஏதோ ஆடுகிற உணர்வு. ஐந்தாவதில் அதைத் தூக்கிவிட்டார்கள். ஒரு பிடியிலிருந்து அடுத்த பிடி, அதிலிருந்து முடிவு என்று சண்டைக்குள்ளேயே நகர்கிறது. முன்பைவிட எளிது என்று சொல்லமாட்டேன், ஆனால் என்ன நடக்கிறது என்று தெரிகிறது. அடிகளும் அப்படித்தான். கண்ணுக்கு மேல் வெட்டு ஆழமானால் ரெஃப்ரி சண்டையை நிறுத்தி டாக்டரைக் கூப்பிடுவார், அவர் போதும் என்றால் போதும். ஜெயித்துக்கொண்டிருந்தவர் அப்படித் தோற்கும்போது அறையில் எழுகிற சத்தம் இருக்கிறதே!

எதிர்வீட்டுப் பையன் இந்திராநகர் பக்கம் முவாய் தாய் என்ற தாய்லாந்துச் சண்டைக்கலை கற்றுக்கொள்கிறான். நிஜமாகவே உதைக்கத் தெரிந்தவன் கேமில் எப்படி ஆடுவான் என்று எனக்கு ஆர்வம். சுமாராகத்தான் ஆடினான், கட்டைவிரலுக்கும் முழங்காலுக்கும் சம்பந்தமில்லை போலிருக்கிறது. ஆனால் தூரம் அவனுக்குத் தெரிந்தது. எட்டாத இடத்திலிருந்து ஒரு குத்துகூட விடமாட்டான். "அண்ணா, கால் எட்டுற தூரம் வேற, கை எட்டுற தூரம் வேற" என்று அவன் சொன்னது, எந்த டுடோரியலும் எனக்குச் சொல்லாத ஒன்று. அவனுக்குப் பிடித்த வீராங்கனை பூஜா தோமர். முசாஃபர்நகரிலிருந்து போன பெண். 2024 ஜூனில் லூயிவில்லில் ரயான் டோஸ் சாண்டோஸை நடுவர் தீர்ப்பில் வென்று, யுஎஃப்சி-யில் ஜெயித்த முதல் இந்தியப் பெண் ஆனவர்.

யாருக்காவது சொல்லிக்கொடுக்கப் போகிறீர்கள் என்றால், நான் பின்பற்றும் வரிசையைச் சொல்கிறேன். முதலில் ஸ்டாண்ட் அண்ட் பேங் என்ற வகை. அதில் தரைச் சண்டையே கிடையாது, நின்று அடிப்பது மட்டும். ஒரு மாலை முழுக்க அதிலேயே ஓட்டலாம். வீரராக மேக்ஸ் ஹாலோவேயைக் கொடுங்கள், மூச்சு அதிகம், நிறைய அடிக்கலாம், தப்பு செய்தாலும் தாங்கும். ஒரே குத்தில் முடிக்கிற ஆசைக்காரருக்கு அலெக்ஸ் பெரேரா, அவருடைய இடது கை ஒன்று போதும். மல்யுத்தக்காரர்களை ஆரம்பத்தில் கொடுக்க வேண்டாம், இரண்டு பேருக்குமே போர் அடிக்கும். அப்புறம் முழுச் சண்டை, ஆனால் விழாமல் இருக்கும் பயிற்சி மட்டும். அதற்கும் அப்புறம் எழுவது. பூட்டெல்லாம் கடைசியில், அவர்களாகக் கேட்டால்.

தனியாக ஆடுபவர்களுக்கு கரியர் மோட் இருக்கிறது. அமெச்சூர் சண்டையில் தொடங்கி, பயிற்சி முகாம், ஸ்பாரிங் என்ற பயிற்சிச் சண்டை என்று மேலே போகலாம். பயிற்சியில் ஆவேசப்பட்டால் சண்டைக்கு முன்பே காயத்தோடு நிற்க வேண்டிவரும், அது மட்டும் கவனம். ஆன்லைன் பக்கம் அவசரப்பட்டுப் போக வேண்டாம். அங்கே ஒரே அடியைத் திரும்பத் திரும்ப அடித்து ஜெயிப்பதையே தொழிலாக வைத்திருப்பவர்கள் காத்திருக்கிறார்கள். போதாக்குறைக்கு மாலை நேரத்தில் வைஃபை திணறும், ஆர்2 அழுத்தியும் அடி விழுந்த பிறகுதான் கை மேலே போகும். புதியவர் தன்னைத்தான் நொந்துகொள்வார். சோபாவில் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு கன்ட்ரோலரில் ஆடுவதுதான் இந்த கேமுக்குச் சரியான வழி.

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் ஒன்று யோசித்துக்கொள்ளுங்கள். இந்த வரிசையில் அமெரிக்காவில் பதினேழு வயதுக்கு மேற்பட்டோருக்கான எம் முத்திரை வாங்கிய முதல் கேம் இதுதான். ரத்தம் முகத்தில் மட்டும் நிற்பதில்லை, தரையிலும் படியும். எங்கள் வீட்டில் குழந்தை தூங்கிய பிறகுதான் ஆட்டம், அதனால் கத்துவதற்கும் தடை. மச்சினன் தலையணையைக் கடித்துக்கொண்டு ஆடுகிறான்.

பிஎஸ்4 மட்டும் இருக்கிறதே என்று கேட்பவர்களுக்கு: நான்காவது கேம் போதும். நான்கு பட்டன், மூச்சுக் கணக்கு, கிராப்பிள் அசிஸ்ட் எல்லாம் அதிலும் உண்டு. பழைய டிஸ்க்கும் எளிதாகக் கிடைக்கிறது. பூட்டுப் பட்டைகள் எரிச்சலூட்டினால், எதிரில் உட்காரும் ஆளோடு முதலிலேயே பேசிவைத்துக்கொண்டு ஸ்டாண்ட் அண்ட் பேங்கிலேயே இருந்துவிடுங்கள். பிஎஸ்5 வாங்குவதாக இருந்தால் டிஸ்க் போடும் மாடலா என்று கேட்டு வாங்குங்கள். டிஸ்க் இல்லாத மாடல் என்றால் நண்பனிடம் கேமை இரவல் வாங்க முடியாது, தள்ளுபடி வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.